கணக்கில் வராத புழுதி

ஆபீஸில் எனக்குப் பம்பரம் என்று பெயர். ஓர் இடத்தில் உட்கார மாட்டேனாம். உட்காரத்தான் செய்கிறேன். உட்கார்ந்தபடியே கால் ஆடும், கையில் பேனா ஆடும், பக்கத்து மேசைக்காரரின் பொறுமையும் சேர்ந்து ஆடும், அவ்வளவுதான். பெயர் வைத்தவர் எங்கள் பிரிவுத் தலைவர். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் நிதானம். எதைச் சொன்னாலும் "நிதானம்மா, நிதானம்" என்பார். ஆபீஸ் தீப்பிடித்தாலும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அது தீதானா என்று உறுதி செய்துகொண்டுதான் எழுந்திருப்பார்.

எங்கள் பிரிவின் வேலை காற்றை அளப்பது. நகரத்தில் அங்கங்கே மொட்டை மாடிகளில் எங்கள் கருவிகள் நிற்கின்றன. ஒரு குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சி, அதில் எவ்வளவு தூசி என்று மணிக்கு மணி எண்ணாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த எண்களைச் சலித்து, நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதைத் தள்ளுகிறவள் நான். ஒரு நாளின் சராசரி வரம்பைத் தாண்டினால் அது மோசமான நாள். வருஷத்துக்கு இத்தனை மோசமான நாள் வரை மன்னிப்பு உண்டு. அதற்கு மேல் ஒன்றே ஒன்று போனாலும் அந்தப் பகுதி மோசமான பகுதி என்று அறிவிக்கப்படும். அறிவித்துவிட்டால் அங்கே புழுதி கிளப்புகிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் மூடி போட வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும், மதில் எழுப்ப வேண்டும். சாக்குச் சொல்லித் தப்ப முடியாது.

அக்கா வீடு இருக்கும் பகுதியில் அந்த வருஷம் சரியாக ஒரு நாள் கூடுதலாகப் போயிருந்தது.

அங்கே புழுதி கிளப்புவது கிரஷர். பாறையை லாரியில் கொண்டுவந்து கொட்டி ஜல்லியாக உடைக்கும் ஆலை. அக்கா வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்றால் அதன் பெல்ட் கல்லைச் சுமந்துகொண்டு மேலே ஏறுவது தெரியும். மூடி கிடையாது, தண்ணீர் கிடையாது, கேட்பாரும் கிடையாது. அக்காவின் மகளுக்கு ஏழு வயது. வாலு என்றுதான் கூப்பிடுவோம். அவளுடைய பள்ளிப் பையில் பென்சில் டப்பாவுக்குப் பக்கத்தில் இன்ஹேலர் இருக்கும். மாடிப்படி ஏறி வந்தால் நடுவில் ஒரு தடவை நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி மூச்சு வாங்குவாள்.

அந்த வீட்டைப் பார்த்துக் கொடுத்ததே நான்தான். மாடியில் கருவி வைக்கப் போனபோது கீழே ஒரு வீடு காலியாக இருந்தது. கிரஷர் அப்போது இவ்வளவு பெரிதில்லை. "எங்க மெஷின் உன் தலைக்கு மேலேயே இருக்கு அக்கா, காத்து கெட்டா எனக்குத்தான் முதல்ல தெரியும்" என்று ஜம்பமாகச் சொன்னேன். தெரிந்தது. மணிக்கு மணி தெரிந்தது.

அதனால் ஒரு நாள் கூடுதல் என்று பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அறிவிப்பு வருவதற்குள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிந்ததா? போன் போட்டு, "கிரஷர் மாட்டிக்கிச்சு அக்கா" என்றேன். அக்காவிடமிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. சரிந்து விழுந்து அழுகிற ரகம் இல்லை அவள். அதனால் எனக்கும் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் நிதானம் கூப்பிட்டார்.

"பம்பரம், அந்தப் பகுதி லிஸ்ட்டுல புழுதிப்புயல் அடிச்ச நாளும் சேர்ந்திருக்கே, பார்த்தியா?"

"பார்த்தேன் சார்."

"அது இயற்கைம்மா. அதை எடுக்கணும்னு ஒரு அறிக்கை எழுதிடு. அடுத்த வாரம் தலைமை அலுவலகத்து மேடம் போன்ல கேப்பாங்க."

சட்டத்தில் அப்படி ஒரு வழி இருக்கிறது. காற்றைப் பிடித்து நோட்டீஸ் கொடுக்க முடியாது. காட்டுத்தீக்கு அபராதம் போட முடியாது. எரிமலையைக் கூப்பிட்டு விளக்கம் கேட்க முடியாது. ஆகவே இயற்கை கெடுத்த நாளை மனிதன் தலையில் கட்டக்கூடாது, கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். எங்கிருந்தோ பறந்து வந்த மண்ணுக்கு இங்கே இருப்பவனைத் தண்டிப்பது என்ன நியாயம் என்று, புதிதாக வேலையில் சேர்ந்தவர்களுக்கு நானே வகுப்பு எடுத்திருக்கிறேன். நன்றாகத்தான் எடுத்தேன். அன்றைக்கு நான் காட்டிய உதாரணத்தில் அக்கா வீடு இல்லை.

சும்மா எடுத்துவிடவும் முடியாது. மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும். வந்தது நிஜமாகவே இயற்கை நிகழ்வுதான் என்பது ஒன்று. அது வராமல் இருந்திருந்தால் அந்த நாள் வரம்பைத் தாண்டியிருக்காது என்பது இரண்டு. விஷயம் தெரிந்த உடனே மக்களை எச்சரித்தோம் என்பது மூன்று. இந்த மூன்றாவதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. "உரிய நேரத்தில் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது" என்று ஒரு வரி எங்களிடம் தயாராக இருக்கும். போன அறிக்கையிலிருந்து எடுத்து இந்த அறிக்கையில் ஒட்டிவிடுவோம். தலைமை அலுவலகத்திலும் அதை இதுவரை யாரும் கேட்டதில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேசைக்கும் தண்ணீர் பில்டருக்கும் நடந்தேன். தாகம் இல்லாமலே டம்ளர் டம்ளராகக் குடித்தேன். புயல் நிஜம், அதில் ஓட்டை போட முடியாது. நகரத்தில் இருக்கிற எல்லாக் கருவிகளும் அன்று சாயங்காலம் ஒன்றாக எகிறியிருந்தன. செயற்கைக்கோள் படத்தில் பழுப்பு நிறச் சுவர் நகர்ந்து வருவது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். மிச்சம் இருந்தது இரண்டாவது விஷயம்தான். புயலே வராவிட்டாலும் அந்த நாள் மோசமாகத்தான் இருந்திருக்கும் என்று காட்டிவிட்டால் போதும். புயலைச் சொல்லித் தப்ப முடியாது.

புயல் நேரத்து எண்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வழக்கமான ஒரு சாயங்காலத்தின் எண்களை வைத்துச் சராசரி போட்டுப் பார்த்தேன். வரம்புக்கு மேலே நின்றது. நம்ப முடியாமல் மறுபடி போட்டேன். மறுபடியும் மேலேதான். காரணமும் கண்ணுக்குத் தெரிந்தது. புயல் வருவதற்கு வெகுநேரம் முன்பே, காலையில், கோடு குபுக்கென்று மேலே போய் இறங்கியிருந்தது. ஒட்டகத் திமில் மாதிரி ஒரு மேடு. அந்தக் காலை மேடு ஒன்றே நாளைக் கெடுக்கப் போதுமானது.

"ஆஹா!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

காலையில் கிரஷர் புழுதி, சாயங்காலம் புயல் புழுதி. சாயங்காலத்தை எடுத்தாலும் காலை நிற்கிறது. நாள் எங்கேயும் போகாது. மதில் வரும், மூடி வரும், வாலு நிற்காமல் படி ஏறுவாள். நான் மடமடவென்று எழுத ஆரம்பித்துவிட்டேன். எழுதும்போதே, பழக்க தோஷம், அன்று காலை காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்று பார்த்தேன். எங்கள் வேலையில் அது பல் தேய்ப்பது மாதிரி, யோசித்துச் செய்வதில்லை. அன்றைக்கு மட்டும் செய்யாமல் இருந்திருக்கலாம்.

காற்று கருவியிலிருந்து கிரஷரைப் பார்த்து வீசியிருந்தது. கிரஷர் புழுதி காற்றை எதிர்த்து நடந்து வருமா?

நிதானம் இதைப் பார்க்க மாட்டார். பார்த்தாலும் கொட்டாவி விட்டுக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிடுவார். தலைமை அலுவலகத்து மேடம் பார்ப்பாரா என்பது சந்தேகம்தான். ஆனால் நான் பார்த்துவிட்டேனே. பார்த்ததைப் பார்க்காததாக ஆக்கும் வித்தை எனக்கு வராது. அரிப்பு மாதிரி உள்ளே பிடுங்கிக்கொண்டே இருந்தது. குழாயில் ஓட்டையா, பக்கத்தில் யாராவது சுவரை உடைத்தார்களா, என்ன அந்த மேடு? சாயங்காலம் பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போனேன். பஸ்ஸிலும் உட்காரவில்லை, இடம் இருந்தும் நின்றுகொண்டேதான் போனேன்.

அக்கா ஈரத்துணியால் ஜன்னல் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எப்போது போனாலும் அதைத்தான் செய்துகொண்டிருப்பாள். துணியைப் பிழிந்தால் சாம்பல் நிறத்தில் தண்ணீர் இறங்கும். வாலு தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு விடுவது எனக்கு வாசலிலேயே கேட்டது.

"அக்கா, புயல் அடிச்ச அன்னிக்குக் காலையில மாடிக்கு யாராவது வந்தாங்களா? பூச்சு வேலை, பெயின்ட் வேலைன்னு ஏதாவது?"

"யாரும் வரலையே. நான்தான் போனேன்."

"நீ எதுக்குப் போனே?"

"பெருக்க. நீதானேடி காலங்காத்தால போன் பண்ணி, புழுதிப்புயல் வருது, ஜன்னலை எல்லாம் மூடு, வாலுவை ஸ்கூலுக்கு அனுப்பாதேன்னு உயிரை வாங்கினே? மாடி பூராவும் கிரஷர் மண்ணு விரல் கனத்துக்குக் கிடக்குது. புயல் அடிச்சா அத்தனையும் எங்க வரும்? என் வீட்டுக்குள்ளதான் வரும். அதான் முன்னாடியே பெருக்கி அள்ளிடலாம்னு போனேன்."

"மெஷின் பக்கத்துலயா பெருக்கினே?"

"அதுக்கு அடியிலதான் நிறையக் கிடந்துச்சு. உங்க ஆபீஸ் சாமானாச்சேன்னு அந்த இடத்தை மட்டும் ரெண்டு தடவை நல்லாப் பெருக்கினேன். ஏன், உடைஞ்சு கிடிஞ்சு போச்சா?"

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. நகரத்தின் காற்றுச் சட்டம், வரைபடம், செயற்கைக்கோள் எல்லாம் ஒரு பக்கம், எங்கள் அக்காவின் விளக்குமாறு ஒரு பக்கம். சிரித்து முடித்தபோதுதான் பயம் வந்தது. என்ன நடந்தது என்று அக்காவுக்கு விளக்கினேன். அவள் பெருக்கியதால்தான் காலையில் எண் ஏறியது. அது காற்றில் வந்த புழுதி இல்லை, விளக்குமாறு கிளப்பிய புழுதி. பக்கத்தில் நடந்த வேலையால் கெட்ட எண்ணைத் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. காலையைத் தள்ளினால், புயல் சாயங்காலத்தைத் தள்ளிவிடும். அப்புறம் அந்த நாள் நல்ல நாள். இந்தப் பகுதி நல்ல பகுதி.

அக்கா ஈரத்துணியை வாளியில் போட்டாள்.

"அது என்ன, நான் கடையில வாங்கிட்டு வந்து கொட்டின மண்ணா? கிரஷர் மண்ணுதானேடி அது?"

"கிரஷர் மண்ணுதான் அக்கா. ஆனா அன்னிக்கு வந்த மண்ணு இல்ல."

"என்னிக்கு வந்தா என்ன? அது வந்தப்போ உங்க மெஷின் தூங்கிட்டு இருந்துச்சு. நான் எழுப்பிக் காட்டினேன். இப்ப அதையும் இல்லைன்னு சொல்லுவீங்களா?"

நாளின் சராசரி என்று ஒன்றை வைத்துக்கொண்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விழுகிற மண்ணை நாங்கள் வரம்புக்குள் என்று எழுதிக்கொண்டே போகிறோம். அதெல்லாம் சேர்ந்து விரல் கனத்துக்கு வருகிறது. அந்த விரல் கனம் எங்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

"இங்க பாரு" என்று அக்கா பக்கத்தில் வந்தாள். குரல் தாழ்ந்துவிட்டது. "நீ சொன்னாத்தானே வெளிய தெரியும்? உன்னை யாரும் கேக்கப் போறதில்ல. உன் வாழ்க்கையில ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கிட்டு இரு. இவளுக்காக."

வாலு நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "சித்தி, அம்மா பெருக்கினது தப்பா?"

"இல்லடா செல்லம். உங்க அம்மா மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்ப ஏன் அம்மா அழுவுறாங்க?"

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அங்கே இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் அக்கா சொன்னதற்கெல்லாம் சரி என்று சொல்லியிருப்பேன்.

கீழே, கட்டடத்தின் வாசலை ஒட்டித் தையல் கடை. அந்த டெய்லர் அண்ணன் எனக்கு ரொம்ப நாள் பழக்கம். கருவியைப் பார்க்க வரும்போதெல்லாம், "என்ன மேடம், இன்னிக்குக் காத்து எப்படி, அளவு எடுத்தாச்சா?" என்று கிண்டல் செய்வார். அன்றைக்குக் கடை பாதிதான் திறந்திருந்தது. உள்ளே முகமூடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகிவிட்டார்.

"என்னண்ணே, உடம்புக்கு என்ன?"

"புயல்லம்மா." குரல் கரகரத்தது. "வெளிய கொடியில கஸ்டமர் துணி தொங்குச்சு. எடுக்கப் போனேன். கண்ணு தெரியல, கதவு எங்கன்னு தெரியல. இருந்த புழுதியெல்லாம் உள்ள போயிடுச்சு. ஆஸ்பத்திரியில கிடந்துட்டு இப்பதான் வந்தேன். நெஞ்சு இனிமே பழைய மாதிரி ஆகாதுன்னுட்டாங்க."

"அடடா" என்றேன்.

"உங்க அக்கா வீட்டுல மட்டும் மத்தியானமே ஜன்னல் எல்லாம் மூடியாச்சு. பாப்பாவும் ஸ்கூலுக்குப் போகல. அப்பவே நினைச்சேன், இவங்களுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்குன்னு." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து, "குடுத்து வெச்சவங்க, தங்கச்சி அந்த ஆபீஸ்ல இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன், சமாளித்திருப்பேன்.

அன்றைய நாள் எனக்கு ஒன்றுவிடாமல் ஞாபகம் வந்தது. காலையிலேயே வானிலைத் துறையிடமிருந்து தகவல் வந்துவிட்டது. எச்சரிக்கையை நான்தான் எழுதினேன். எல்லாருடைய போனுக்கும் போகிற செய்தி அது. ஆனால் நிதானம் சரி என்று சொன்னால்தான் போகும். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "சும்மா ஜனங்களைப் பயமுறுத்தக் கூடாதும்மா, இன்னொரு தடவை உறுதி பண்ணிட்டுப் போடுவோம், நிதானம்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டார். நான் அந்தக் கூட்டத்தின் கதவைத் தட்டியிருக்க வேண்டும். சாதாரண நாளில் தட்டியிருப்பேன், ஒன்றுமில்லாத விஷயத்துக்கெல்லாம் தட்டித் திட்டு வாங்கியவள் நான். அன்றைக்குத் தட்டவில்லை. ஏனென்றால் அக்காவுக்குப் போன் பண்ணியாகிவிட்டது. வாலு வீட்டில் இருக்கிறாள், ஜன்னல் மூடியிருக்கிறது. என் பதற்றம் அதோடு அடங்கிவிட்டது. அந்த ஆபீஸில் நான் அமைதியாக உட்கார்ந்திருந்த ஒரே நாள் அதுவாகத்தான் இருக்கும். எச்சரிக்கை போனபோது எங்கள் ஜன்னலுக்கு வெளியே தெரு தெரியவில்லை.

அதற்குப் பிறகு மேடத்தின் போன் வருகிற நாள் வரைக்கும் நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. விளக்குமாற்றைப் பற்றி அறிக்கையில் ஒரு பத்தி எழுதுவேன், அழிப்பேன். சாப்பாட்டு டப்பாவைத் திறப்பேன், மூடுவேன். அக்காவைக் கூப்பிடப் போனை எடுப்பேன், வைப்பேன். பொய் சொல்ல எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. ஒரு குழந்தை மூச்சு விடுவதற்காகப் பொய் சொல்வதில் என்ன பாவம் என்றுகூடக் கேட்டுக்கொண்டேன். ஆனால் இன்றைக்கு அக்கா பெருக்கியதை மறைத்தால், நாளைக்குக் கிரஷர்க்காரன் யாரையாவது பிடித்துக் குழாய்க்கு ஈரத்துணி கட்டுவான். அப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பேன்? அந்த எண்ணைத் தவிர எங்களிடம் வேறு என்ன இருக்கிறது? அதுவும் போனால் நாங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு காற்றாட உட்கார்ந்திருப்பவர்கள், அவ்வளவுதான்.

கடைசியில் எழுதிவிட்டேன். காலை மேடு விளக்குமாற்றால் வந்தது, அந்த எண்கள் செல்லாது. அச்சு எடுத்து நிதானத்தின் மேசையில் வைத்தேன். படித்தவர் முகம் மலர்ந்தது.

"இதைத்தாம்மா நான் எதிர்பார்த்தேன். இப்ப ஒரு சிக்கலும் இல்ல. காலையும் போச்சு, சாயங்காலமும் போச்சு. சுத்தம்."

"சுத்தம்தான் சார்" என்றேன்.

மேடத்தின் போன் வந்தது. நிதானம் ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தார். மேடத்தை நான் நேரில் பார்த்ததில்லை. குரல் மட்டும்தான் தெரியும், அவசரமில்லாத குரல். அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் பேசினார் என்பது முதல் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. புயல் வந்த திசையைக் கேட்டார், சொன்னேன். விளக்குமாற்றுப் பத்தியைப் பற்றிக் கேட்டார், சொன்னேன்.

"காத்துத் திசையைப் பார்த்து நீங்களாவே கண்டுபிடிச்சீங்களா?"

"ஆமா மேடம்."

"நல்லா பார்த்திருக்கீங்க. இவ்வளவு நேர்மையா யாரும் எழுத மாட்டாங்க. சரி, அப்ப இந்த நாளை எடுத்துடலாம்."

அக்காவின் முகத்தை நினைக்கவே பயமாக இருந்தது. நிதானம் எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"ஒரு நிமிஷம்" என்றார் மேடம். "மூணாவது. எச்சரிக்கை எப்ப விட்டீங்க?"

இதுவரை யாருமே கேட்காத கேள்வி. நிதானம் சட்டென்று முன்னால் சாய்ந்தார். "உரிய நேரத்துல விட்டாச்சு மேடம். அறிக்கையிலயே இருக்கு பாருங்க, கடைசிப் பக்கம்."

"அது இருக்கு. அந்த வரி எல்லா அறிக்கையிலயும்தான் இருக்கு."

நிதானம் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்காதே என்று கண்ணாலேயே சொன்னார். அக்காவும் அதைத்தான் சொன்னாள். என் வாழ்க்கையில் எல்லாரும் என்னிடம் கேட்பது இந்த ஒன்றைத்தான் போலிருக்கிறது. அந்த வரியை ஒட்டியவள் நான். ஒட்டும்போது கை கூசியதா என்று கேட்டால், இல்லை. டெய்லர் அண்ணனின் இருமலைக் கேட்ட பிறகும்கூட, பழக்கத்தில், ஒட்டிவிட்டேன்.

"இல்ல மேடம்" என்றேன். "உரிய நேரத்துல விடல. காலையிலயே எங்களுக்குத் தெரியும். புயல் வந்து சேர்ந்த பிறகுதான் செய்தி போச்சு."

நிதானத்தின் கை போனை நோக்கிப் போனது. பொத்தான் மேல் விரல் நின்றது, அமுக்கவில்லை.

"காலையிலேர்ந்து யாருக்குமே சொல்லலையா?"

"ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் நான் சொன்னேன் மேடம். எங்க அக்கா வீடு. மெஷின் இருக்கிற அதே கட்டடம்."

அந்த நாளைக் கணக்கில் காப்பாற்றுவதற்காகச் சொன்னேனா, டெய்லர் அண்ணனுக்காகச் சொன்னேனா, இனிமேலும் அந்த வரியைச் சுமக்க முடியாமல் சொன்னேனா, எனக்கே தெரியாது. எல்லாம் கலந்துதான் இருந்திருக்கும். கால் மட்டும் மேசைக்கு அடியில் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"அப்ப இந்த நாளை எடுக்க முடியாது" என்றார் மேடம். குரல் மாறவில்லை. "எச்சரிக்கை இல்லைன்னா விலக்கு இல்ல. நாள் கணக்குலயே இருக்கும். அந்தப் பகுதிக்கு வேண்டிய உத்தரவை நான் பார்த்துக்கறேன். ஆனா தெரிஞ்சும் ஏன் சொல்லலைன்னு உங்க ரெண்டு பேரையும் விசாரிப்பாங்க. வேலைக்கு என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது. புரியுதா?"

"புரியுது மேடம்."

நிதானம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணை அழுத்திக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் உறுதி பண்ணக் காத்திருந்தார். நான் உறுதியாகத் தெரிந்துகொண்டே சும்மா இருந்தேன். எங்கள் இருவரில் யார் மோசம் என்று விசாரணையில் சொல்லட்டும்.

நாள் கணக்கில் நின்றுவிட்டது. கிரஷர் மூடி போடும், தண்ணீர் தெளிக்கும். எழுந்து ஓடிப்போய் அக்காவுக்குப் போன் பண்ண வேண்டும் போலிருந்தது. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார் மேடம். "விசாரணைக் குறிப்புக்கு வேணும். உங்க அக்கா வீட்டை விட்டுட்டு, அந்தக் கட்டடத்துல வேற எத்தனை வீடு? அதுல குழந்தைங்க எத்தனை பேர், வயசானவங்க எத்தனை பேர்?"

எங்கள் கருவியின் குழாய் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியும். கைப்பிடிச் சுவருக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி, கிரஷர் அங்கிருந்து எந்தக் கோணத்தில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வருஷக்கணக்காக அந்தப் படிகளில் ஏறியிருக்கிறேன். அக்கா வீட்டுக் கதவைத் தட்டுவேன், இல்லையென்றால் நேராக மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். நடுவில் இருந்த கதவுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒரு வாசலில் சின்னச் செருப்புகள் கிடந்த மாதிரி இருந்தது. ஒரு கதவுக்குப் பின்னால் யாரோ இருமிய மாதிரியும் இருந்தது.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம்" என்றேன். "எனக்குத் தெரியாது."